சிலிண்டர் கணக்கு தெரிந்தவளுக்குக் கார் கணக்கு தெரியாதா?

காஸ் சிலிண்டர் வந்த அன்று காலண்டரில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைக்காத வீடு நம்மில் எத்தனை இருக்கும்? எனக்குத் தெரிந்து இல்லை. "போன தடவை முப்பத்தெட்டு நாள் வந்தது, இந்தத் தடவை முப்பத்திரண்டு நாளிலேயே தீர்ந்து போச்சே!" என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். உடனே காரணமும் நமக்கே தெரிந்து விடும். தீபாவளிக்கு முறுக்கு சுட்டோம், நாத்தனார் குழந்தைகளுடன் வந்து பத்து நாள் இருந்தாள், பெரிய பர்னர் சரியாக எரியவில்லை. இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் கார் என்று வந்தால் மட்டும், "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று நாமே ஒதுங்கி விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் கை வளையல்களுக்கு ஆபத்து வந்தபோதுதான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பத்தாவது வரை படித்தவள் நான். எனக்குப் புரிந்த கணக்கு உங்களுக்கும் புரியும்.

ஏன் பெரிய கார்?

எங்களுக்குத் திருச்சி. பதினோரு வருஷமாக ஒரு சின்னக் கார் வைத்திருந்தோம். என் மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. மடக்கு நாற்காலி, வாக்கர், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக அந்தச் சின்னக் காரின் டிக்கி போதவில்லை. நாற்காலியைப் பின் சீட்டில் வைத்தால் நான் பஸ்ஸில் போக வேண்டியதுதான். ஆகவே, நாலரை மீட்டர் நீளமுள்ள, தனி டிக்கி வைத்த நடுத்தர செடான் கார் வாங்குவது என்று முடிவானது.

வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம். எட்டாவது படிக்கும் என் பையனுக்கு டர்போ வேண்டும். கொழுந்தனாரோ, "அண்ணி, ஹைப்ரிட் வாங்குங்க. லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர்! பெட்ரோல் செலவு பாதியாயிடும்" என்றார். என் கணவரும் அதையே பிடித்துக் கொண்டார்.

"சேமிப்பு போதாதே?" என்றேன்.

"இப்போதைக்கு உன் வளையலை வெச்சுக்கலாம். பெட்ரோல்ல மிச்சமாகிற பணத்துல மீட்டுடலாம்."

"மக காலேஜுக்கு அடுத்த மாசம் பணம் கட்டணும். அதுக்கு ஒரு முடை வந்தா வைக்கறதுக்குன்னு இருக்கறது அந்த வளையல்தாங்க."

"அட, மைலேஜ்ல மிச்சமாகும்னு சொல்றேனே!"

எவ்வளவு மிச்சமாகும்? எந்த மாசம் வளையல் திரும்பி வரும்? இதற்கு அவரிடமும் பதில் இல்லை, கொழுந்தனாரிடமும் இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

கார் விளம்பரத்தில் போடும் மைலேஜ் எண்ணைக் கம்பெனிக்காரர்கள் சும்மா போட முடியாது. அதற்கென்று சோதனை உண்டு. புனேயில் 1966ல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இந்தச் சோதனையைச் செய்யும் முக்கியமான இடம். சுருக்கமாக 'அராய்' என்பார்கள். அங்கே காரை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். இருபது நிமிஷத்துக்குள் சுமார் பத்தரை கிலோமீட்டர். அதிக பட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. சராசரி 32 கி.மீ.தான் வரும். சில இடங்களில் நின்று, கிளம்பி, மறுபடி வேகம் எடுத்து என்று எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கும்.

அங்கே மேடு பள்ளம் இல்லை. குறுக்கே மாடு வராது. ஏசி ஓடாது. டிக்கியில் அரிசி மூட்டை இருக்காது. அதனால் அந்த எண் நம் ரோட்டில் கிடைக்காது. அதற்காக அது பொய்யும் அல்ல. எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரே படியால் அளந்த அரிசி மாதிரி.

நான் நோட்டில் எழுதிய எண்கள் இவை. எல்லாம் பெட்ரோல் வண்டிகள். முதல் எண் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. அடுத்தது 100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர் என்பது.

ஹோண்டா சிட்டி (2020ல் வந்த ஐந்தாம் தலைமுறை), கியர் வண்டி: 17.8, 5.6 லிட்டர்
அதிலேயே ஆட்டோமேடிக்: 18.4, 5.4 லிட்டர்
ஹூண்டாய் வெர்னா (2023), 1.5 சாதா எஞ்சின், கியர்: 18.6, 5.4 லிட்டர்
அதிலேயே ஆட்டோமேடிக்: 19.6, 5.1 லிட்டர்
வெர்னா டர்போ, கியர்: 20.0, 5.0 லிட்டர்
வோக்ஸ்வாகன் விர்டஸ் (2022), 1.0 டர்போ, கியர்: 19.4, 5.2 லிட்டர்
மாருதி சியாஸ் 1.5 (2020க்குப் பிறகு), கியர்: 20.65, 4.8 லிட்டர்
சியாஸ் ஆட்டோமேடிக்: 20.04, 5.0 லிட்டர்
ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் (2022ல் வந்தபோது): 26.5; 3.8 லிட்டர்

இதில் சியாஸ் 2025ல் நிறுத்தப்பட்டு விட்டது. பழைய வண்டியாகத்தான் வாங்க முடியும். வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? "ஆட்டோமேடிக் வண்டி பெட்ரோல் குடிக்கும்" என்று என் அப்பா காலத்திலிருந்து சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் சிட்டியிலும் வெர்னாவிலும் ஆட்டோமேடிக்தான் கொஞ்சம் அதிகம் கொடுத்திருக்கிறது. ஆகவே, கிளட்ச் மிதித்து முழங்கால் வலிக்கும் சகோதரிகள் மைலேஜுக்குப் பயந்து ஆட்டோமேடிக்கை ஒதுக்க வேண்டாம். விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லிட்டராக மாற்றிப் பாருங்கள்

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்ற எண் நம்மை ஏமாற்றி விடும். நம் கையை விட்டுப் போவது கிலோமீட்டர் அல்ல, லிட்டருக்கான பணம். அதனால்தான் பக்கத்தில் லிட்டரையும் எழுதினேன். பட்டியலில் சாதாப் பெட்ரோல் வண்டிகளில் குறைந்தது 17.8, கூடியது 20.65. கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்கூட வித்தியாசம் இல்லை!

அடுத்து, நாம் வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறோம்? பழைய காரின் மீட்டரைப் போய்ப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் 71,500 கி.மீ. அதாவது வருஷத்துக்கு 6,500. கணக்குக்குச் சுலபமாக பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டேன்.

17.8 கொடுக்கிற வண்டிக்கு வருஷம் 365 லிட்டர்.
20.65 கொடுக்கிற வண்டிக்கு 315 லிட்டர்.
வித்தியாசம் 50 லிட்டர். வருஷத்துக்கு 5,000 ரூபாய், மாசத்துக்கு 420 ரூபாய்க்குள்.

அத்தையின் கால்சியம் மாத்திரைச் செலவு கூட அதை விட அதிகம்!

இப்போது கொழுந்தனார் சொன்ன ஹைப்ரிட். அதில் பெட்ரோல் எஞ்சினோடு மோட்டாரும் பேட்டரியும் உண்டு. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாகப் பிடித்து வைத்துக் கொள்ளும். மெதுவாக ஊரும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் பெரும்பாலும் அணைந்திருக்கும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. 6,500 கிலோமீட்டருக்கு 245 லிட்டர். சாதா ஆட்டோமேடிக் சிட்டிக்கு 353 லிட்டர். வருஷம் 108 லிட்டர், 10,800 ரூபாய் மிச்சம்.

ஆனால் வண்டி விலை கூடுதல். நான்கு லட்சம் கூடுதல் என்று வைத்துக் கொண்டால், அதை 10,800 ரூபாயால் வகுத்துப் பாருங்கள். முப்பத்தேழு வருஷம்!

"டவுன் நெரிசல்ல இன்னும் அதிகமா மிச்சமாகும் அண்ணி" என்றார் கொழுந்தனார். நியாயம்தான். இரண்டு பங்கு மிச்சம் என்றே வைத்துக் கொண்டேன். அப்போதும் பதினெட்டு வருஷத்துக்கு மேல். வருஷம் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குச் சுமார் எட்டு வருஷத்தில் வந்து விடும். அவர்களுக்கு அது லாபம். எங்களுக்கு அல்ல.

நோட்டை என் கணவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வளையலை உள்ளே வை" என்றார். அவ்வளவுதான்.

ஒரே கார், இரண்டு வீடு

இதற்கு நடுவில் இன்னொரு வேடிக்கை. எதிர் வீட்டிலும் கொழுந்தனார் வீட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷத்துச் செடான் கார். எதிர் வீட்டு அம்மா, "பன்னிரண்டு கூட வரலை" என்று அலுத்துக் கொள்வாள். கொழுந்தனார், "பதினேழுக்குக் குறையாது" என்பார். இருவரில் யார் சொல்வது பொய்?

இருவர் சொல்வதும் உண்மைதான். கொழுந்தனார் தினம் தஞ்சாவூருக்குப் போய் வருகிறார். அகலமான ரோடு, ஒரே சீரான வேகம். எதிர் வீட்டு அம்மாவோ காலையில் குழந்தைகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி பள்ளியில் விட்டு வருவாள். பதினொரு மணிக்கு மார்க்கெட், சாயங்காலம் பாட்டு கிளாஸ். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆறிப் போயிருக்கும். ஆறின எஞ்சின் சூடாவதற்குள் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும்.

இதை என் மாமியாரிடம் சொன்னபோது, "விறகு அடுப்புல முதல் கொள்ளி பிடிக்கத்தானேம்மா நிறைய சுள்ளி செலவாகும். பிடிச்சப்புறம் ஒரு கட்டை போதுமே" என்றார்கள். எனக்கு அரைப் பக்கம் எழுத வேண்டியிருந்ததை ஒரு வரியில் முடித்து விட்டார்கள்.

ஆக, கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தை விட, வீட்டுக்கு வீடு உள்ள வித்தியாசம் பெரிது. 20 கொடுக்கிற வண்டி 22 கொடுத்தால் எங்கள் ஓட்டத்துக்கு வருஷம் 30 லிட்டர்தான் மிச்சம். 10 கொடுக்கிற வண்டியை 12 கொடுக்க வைத்தாலோ 108 லிட்டர் மிச்சம். அந்த ஹைப்ரிட் காகிதத்தில் மிச்சம் பிடித்த அதே 108 லிட்டர்!

வீட்டிலேயே அளக்கும் முறை

காரில் முன்னால் மைலேஜ் காட்டும் எண் இருக்கிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

1. பங்கில் டாங்க் நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நிற்கும். அத்துடன் போதும். அதற்கு மேல் ரவுண்டாக்க விடாதீர்கள்.

2. மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறியுங்கள். எங்கள் முதல் கணக்கு 24,310.

3. பாதி டாங்குக்கு மேல் தீர்ந்ததும் அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடி நிற்கும் வரை நிரப்புங்கள். எங்களுக்கு மீட்டர் 24,684. பிடித்த பெட்ரோல் 28.6 லிட்டர்.

4. ஓடிய தூரம் 374. அதை 28.6ஆல் வகுத்தால் 13.

மூன்று தடவை இப்படிச் செய்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. ஏன் என்று கேளுங்கள். நூறு கிலோமீட்டர் போகும்போது 20 கொடுக்கிறது, திரும்பும்போது 10 கொடுக்கிறது. சராசரி 15 என்று தோன்றும். ஆனால் செலவானது 5 லிட்டரும் 10 லிட்டரும், மொத்தம் 15 லிட்டர். 200ஐ 15ஆல் வகுத்தால் 13.3தான்!

மிச்சம் பிடிக்கச் சில வழிகள்

* டயரில் காற்றை மாசம் இரண்டு தடவை பாருங்கள். வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும். எங்கள் பழைய காரில் பல மாசம் காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறோம்!

* மூன்று சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். பள்ளி, ரேஷன், மருந்துக் கடை என்று வரிசை போட்டுக் கொண்டால் எஞ்சின் ஒரு தடவை சூடானால் போதும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்கு நடந்து போனால் உடம்புக்கும் நல்லது.

* பெட்ரோலிய சிக்கனத்துக்காக உள்ள அரசு அமைப்பு, மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகமே சிக்கனம் என்று வெகு காலமாகச் சொல்லி வருகிறது. நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் காற்றின் எதிர்ப்பு மளமளவென்று ஏறும். வேகம் இரண்டு பங்கானால் எதிர்ப்பு நான்கு பங்கு.

* வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை உச்சத்தில் வைக்காதீர்கள். கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிஷம் ஓட்டி, சூட்டுக் காற்று வெளியேறிய பிறகு போடுங்கள்.

* டிக்கியில் மாசக் கணக்காகச் சுமக்கும் பழைய பேப்பர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் இறக்குங்கள்.

* காலையில் 'சூடு பண்ணுகிறேன்' என்று பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விட வேண்டாம். இந்தக் காலத்து வண்டிக்கு அரை நிமிஷம் போதும். அதுவும் மூடிய ஷெட்டுக்குள் ஓட விடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, உயிருக்கே ஆபத்து. குழந்தைகளை வண்டியில் உட்கார வைத்து விட்டு உள்ளே போகும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

* இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு. பழைய முறைக் கார்களுக்கு மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் வரையும், ஓரளவு தயாரான கார்களுக்கு 1 முதல் 2 சதவிகிதம் வரையும் குறையலாம் என்று நீதி ஆயோக் 2021ல் வெளியிட்ட திட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள், அது இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடைசியில் என்ன வாங்கினோம்?

மைலேஜ் வித்தியாசம் மாசம் 420 ரூபாய்க்குள் என்று தெரிந்த பிறகு, நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "அத்தை உட்கார்ந்து பார்க்காம எந்த வண்டியும் வாங்கக் கூடாது."

செடான் கார்களில் சீட் கொஞ்சம் தாழ்வு. முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உட்காருவதை விட எழுந்திருப்பதுதான் கஷ்டம். நான்கு இடங்களுக்கு அவர்களை அழைத்துப் போனோம். பட்டியலில் மேலே இருந்த வண்டியில் உட்கார்ந்து எழுந்திருக்க என் கையையும் மகன் கையையும் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னொன்றில், கதவைப் பிடித்துக் கொண்டு தானாகவே எழுந்து நின்றார்கள். "இது போதும்மா, யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மாடலில், இரண்டு வருஷம் ஓடிய வண்டியைச் சேமிப்புக்குள்ளேயே வாங்கினோம். மடக்கு நாற்காலி டிக்கியில் படுத்துக் கொண்டது. மகளுக்குப் பணமும் குறித்த தேதியில் கட்டியாயிற்று.

முதல் டாங்கில் 13 வந்தது என்று சொன்னேன் அல்லவா? மேலே சொன்ன பழக்கங்களைக் கடைப்பிடித்த பிறகு, முதல் வருஷக் கணக்கு 6,900 கிலோமீட்டருக்கு 460 லிட்டர். சரியாகப் பதினைந்து. விளம்பரத்தில் போட்டதை விடக் குறைவுதான். ஆனால் இது எங்கள் வீட்டு எண், நாங்களே அளந்தது.

இப்போதெல்லாம் பங்கில் டாங்க் நிரம்பியதும் என் கணவர் பில்லை நேராக என்னிடம் நீட்டி விடுகிறார். "எழுதிக்கோ, அப்புறம் கேட்காதே" என்று ஒரு சிரிப்பு. பால் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் எழுதிக் கொள்கிறேன், வளையல் கையிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுக் காலண்டரில் சிலிண்டர் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட இடம் இருக்கும். இன்றைக்கே மீட்டரைப் பார்த்துக் குறியுங்களேன்!